காற்றில் கேட்ட கார்டு நம்பர்கள்: டி.ஜே.எக்ஸ். கதை

வைஃபை என்பது ரேடியோ அலைதான். கடைக்குள் ஒரு மெஷின் அனுப்பும் தகவல் சுவரைத் தாண்டி, வாசலில் நிற்கும் காருக்கும் கேட்கும். இது தெரிந்துதான் 1997-ல் வைஃபை தரத்தை எழுதியபோதே டபிள்யூ.ஈ.பி. என்ற பூட்டையும் சேர்த்தார்கள். வயருக்கு இணையான அந்தரங்கம் என்று பொருள் வரும் பெயர். பலமாக இருந்தது பெயர் மட்டும்தான்!

ஒவ்வொரு பாக்கெட்டோடும் 24 பிட் எண் ஒன்று வெளிப்படையாகவே போகும். அதுவும் ரகசியச் சாவியும் சேர்ந்துதான் தகவலைப் பூட்டும். அந்த எண்களில் சில, சாவியைத் துணுக்குத் துணுக்காகக் காட்டிக்கொடுத்துவிடும். இதை 2001-ல் ஃப்ளூரர், மான்டின், ஷமீர் என்ற மூவர் ஆய்வுக் கட்டுரையாக எழுதினார்கள். அதே வருடம் ஏர்ஸ்நார்ட் என்ற இலவச சாஃப்ட்வேர் வந்தது. லேப்டாப்பில் ஓடவிட்டு சும்மா கேட்டுக்கொண்டிருந்தால் போதும். 50 லட்சம் முதல் 1 கோடி பாக்கெட் சேர்ந்ததும் சாவி கையில். கேட்பவர் எதையும் அனுப்புவதில்லை, அதனால் கடைக்காரருக்குத் தடயமும் கிடைக்காது.

2003-ல் டபிள்யூ.பி.ஏ. என்ற புதுப் பூட்டு வந்துவிட்டது. ஆனால் மாற்றச் செலவாகுமே?

அமெரிக்காவின் டி.ஜே.எக்ஸ். நிறுவனத்துக்குச் சொந்தமானவை மார்ஷல்ஸ் கடைகள். 2005 ஜூலையில் மயாமியில் உள்ள ஒரு மார்ஷல்ஸின் வைஃபை வழியாக ஆல்பர்ட் கோன்சாலெஸின் கூட்டாளிகள் உள்ளே புகுந்தார்கள். அங்கிருந்து தலைமை சர்வர்களுக்கு. 2006-ல் அங்கேயே ஒரு ஒட்டுக்கேட்கும் புரோகிராமை வைத்தார்கள். விஷயத்தை நிறுவனம் வெளியே சொன்னது 2007 ஜனவரியில். 4 கோடியே 57 லட்சம் கார்டுகளின் விவரம் போயிருந்தது.

காமர்ஸ் படிப்பவர்கள் கவனிக்க வேண்டியது இதற்குப் பிறகு கோர்ட்டில் வெளிவந்த இமெயில்களை. 2005 கடைசியில், புதுப் பூட்டுக்கான பணத்தை அடுத்த பட்ஜெட்டிலிருந்து எடுத்துவிடலாமா என்று உள்ளுக்குள் பேசியிருக்கிறார்கள். திருடர்கள் ஏற்கெனவே உள்ளே இருந்த நேரம் அது! கணக்குப் புத்தகத்தில் அது மிச்சம் மாதிரிதான் தெரிந்திருக்கும். பிறகு விசாவுடன் மட்டுமே 4 கோடி டாலருக்கு மேல் சமரசம் பேச வேண்டிவந்தது.

இத்தனைக்கும் கிஸ்மெட் போன்ற இலவச சாஃப்ட்வேர் அப்போதே இருந்தது. அதை வைத்துக் கடையைச் சுற்றி வந்திருந்தால், எந்த வைஃபையில் எந்தப் பூட்டு என்று அவர்களே பார்த்திருக்கலாம்.

கோன்சாலெஸுக்கு 2010 மார்ச்சில் 20 ஆண்டு சிறை. கார்டு வாங்கும் கடைகள் பழைய பூட்டை அறவே கைவிட கார்டு கம்பெனிகளின் விதி தந்த கெடு, 2010 ஜூன் 30.