நோராவின் காலுறையும் மூன்றாவது ஆணின் காலமும்

"உனக்கு யார் காலம் பிடிக்கும், லவ்?"

ஹடர்ஸ்ஃபீல்டில் நான் வாடகைக்கு இருந்த வீட்டின் அம்மா என்னிடம் கேட்ட முதல் உருப்படியான கேள்வி இதுதான். யார்க்ஷயரில் பேருந்து ஓட்டுநர் முதல் பல் மருத்துவர் வரை எல்லோரும் எல்லோரையும் 'லவ்' என்றுதான் அழைப்பார்கள், நம் ஊர்ப் பக்கம் 'கண்ணு' என்பதுபோல. அது புரிந்தது. 'யார் காலம்' என்பதுதான் புரியவில்லை. கம்பளி ஆலைகளில் வேலைபார்த்த பெண்களைப் பற்றி ஆய்வு செய்யப் போயிருந்த நான், ஏதோ அரசர் காலத்தைக் கேட்கிறார் என்று நினைத்து, விக்டோரியா காலம் என்று சொல்லிவைத்தேன். சமையலறையில் இருந்த அவருடைய இரண்டு தோழிகளும் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார்கள்.

அவர்கள் பேசிக்கொண்டிருந்தது 'லாஸ்ட் ஆஃப் தி சம்மர் வைன்' என்ற தொலைக்காட்சி நகைச்சுவைத் தொடரைப் பற்றி. 1973இல் பிபிசியில் தொடங்கி 2010இல்தான் முடிந்தது. 37 ஆண்டுகள், 31 பருவங்கள், 295 அத்தியாயங்கள். அத்தனையையும் எழுதியவர் ராய் கிளார்க் என்ற ஒரே ஆள். படம்பிடித்த ஊர் ஹோம்ஃபர்த். ஹடர்ஸ்ஃபீல்டிலிருந்து பேருந்தில் போய்விடலாம். கதை என்று பெரிதாக ஒன்றும் இல்லை. வேலையில்லாத, வயதான மூன்று ஆண்கள் மலைச்சரிவுகளில் சுற்றித் திரிகிறார்கள், குளிக்கும் தொட்டியில் உட்கார்ந்து சரிவில் உருண்டு வருகிறார்கள், பசித்தால் காபிக்கடைக்கு வருகிறார்கள். கீழே ஊருக்குள் பெண்கள் படிக்கட்டைப் பெருக்கிக்கொண்டிருக்கிறார்கள்.

ரசிகர்கள் இந்த 37 ஆண்டுகளையும் 'மூன்றாவது ஆளை' வைத்துப் பிரிக்கிறார்கள். மூவரில் கிளெக் கடைசிவரை இருந்தார். அழுக்குக் கால்சட்டையும் ரப்பர் பூட்சுமாகத் திரியும் காம்போ, அந்த நடிகர் பில் ஓவன் 1999இல் இறக்கும்வரை இருந்தார். மூன்றாவது நாற்காலிதான் ஆள் மாறிக்கொண்டே இருந்தது. 1973 முதல் 1975 வரை பிளேமைர் காலம். 1976 முதல் 1985 வரை ஃபாகி காலம். 1986 முதல் 1990 வரை சீமோர் காலம். அதன்பின் ஃபாகி திரும்பி வந்த காலம். 1997 முதல் ட்ரூலி காலம். தோழிகளில் ஒருவருடைய அண்ணன் சில ஞாயிறுகளில் வருவார். வேறு எந்தப் பேச்சிலும் கலந்துகொள்ளாதவர், இதில் மட்டும் நீதிபதி ஆகிவிடுவார். ஃபாகி காலமே பொற்காலம், மற்றதெல்லாம் தேய்ந்த கதை என்பது அவருடைய தீர்ப்பு.

அந்த மூன்றாவது ஆண் யார் யார் என்று பாருங்கள். பிளேமைர் கன்சர்வேடிவ் கட்சி பேசும் கனவான். ஃபாகி போர்ப் பெருமை அடிக்கும் முன்னாள் சிப்பாய். சீமோர் ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர். ட்ரூலி ஓய்வுபெற்ற போலீஸ்காரர். அரசாங்கமே பென்ஷன் வாங்கிக்கொண்டு மலை ஏறி வந்து, மற்ற இருவரையும் வரிசையில் நிற்கச் சொல்வதுபோல இருக்கும். (பிளேமைராக நடித்த மைக்கேல் பேட்ஸ் நம் ஜான்சியில் பிறந்தவர். அதே எழுபதுகளில் வேறொரு தொடரில் முகத்தில் மாநிறம் பூசிக்கொண்டு ரங்கி ராம் என்ற இந்தியராகவும் நடித்தார். எனக்குப் பிளேமைர் காலம் பிடிக்காமல் போனதில் இதற்கும் பங்குண்டு. ஆனால் அந்த வாதத்தை நான் சமையலறையில் எடுக்கவில்லை.)

வீட்டுக்கார அம்மா இந்த விவாதத்தில் எந்தக் கட்சியிலும் சேரமாட்டார். ஒரு ஞாயிறு அண்ணன்காரர் போன பிறகு, பாத்திரம் துடைத்துக்கொண்டே சொன்னார்: "எனக்கு ஈடிக்கு முன், ஈடிக்குப் பின். அவ்வளவுதான்."

வரலாறு படிக்கும் மாணவிகளுக்கு ஜோன் கெல்லியின் பெயர் தெரிந்திருக்கும். பெண்களுக்கு மறுமலர்ச்சிக் காலம் என்று ஒன்று இருந்ததா என்று 1977இல் வெளியான கட்டுரையில் கேட்டவர். ஆண்களுக்குப் பொற்காலம் என்று பெயர்பெற்ற காலத்தில் பெண்களுக்கு வாசல்கள் மூடிக்கொண்டிருக்கலாம், ஆகவே காலத்தை எங்கே வெட்டுகிறோம் என்பதே அரசியல் என்று எங்களுக்குக் கற்றுத்தந்த கட்டுரை அது. நான் பல முறை வகுப்பில் அதை நடத்தியிருக்கிறேன். ஆனாலும் 'யார் காலம்' என்ற அட்டவணையை ஒரு கேள்வியும் கேட்காமல் நோட்டுப் புத்தகத்தில் குறித்துக்கொண்டவளும் நான்தான்.

அன்றிரவு அதே அட்டவணையை மறுபடி எடுத்துப் பார்த்தேன். சீமோர் காலம் 1986 புத்தாண்டு நாளில் ஒளிபரப்பான ஒரு சிறப்பு அத்தியாயத்தில் தொடங்குகிறது. மணப்பெண்ணின் மாமா என்பதுதான் அதில் சீமோரின் அறிமுகம். அப்படியானால் ஒரு மணப்பெண் இருந்தாக வேண்டும், அவளுக்கு ஒரு அம்மாவும் இருந்தாக வேண்டும். மகள் கிளெண்டாவும் தாய் ஈடியும் அதே அத்தியாயத்தில்தான் வருகிறார்கள். சீமோர் 1990இல் போய்விட்டார். ஈடியாக நடித்த தோரா ஹேர்ட் அந்தத் தொடருக்கு வந்தபோது அவருக்கு வயது 74. 2003இல் 91 வயதில் இறக்கும் காலம்வரை அந்த வேடம் அவருடையதாகவே இருந்தது. கிளெண்டா 2010 கடைசிவரை இருந்தாள். நான்கு ஆண்டு இருந்த மாமா பெயரில் ஒரு காலம் இருக்கிறது. பதினேழு ஆண்டு இருந்த அக்காவின் பெயரில் எதுவும் இல்லை.

'ஈடிக்கு முன்' என்றால் என்ன? பெண்கள் தனித்தனியாக இருந்த காலம். நோரா தன் படிக்கட்டில், ஐவி தன் காபிக்கடையில். இருவருக்கும் கையில் ஒரு ஆயுதம் உண்டு: ஒருத்திக்குத் துடைப்பம், ஒருத்திக்குத் தட்டு. ஆண்கள் வருவார்கள், இவர்கள் அடிப்பார்கள், ஆண்கள் ஓடுவார்கள். 1985இல் பேர்ல் வந்தாள், கணவன் ஹோவர்டு யாரைப் பார்க்கப் போகிறான் என்று மோப்பம் பிடித்தபடி. மறுவருடம் ஈடி வந்தாள். அதன்பின் ஈடியின் முன்னறையில் நாற்காலிகள் கூடின. வாராவாரம் பெண்கள் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டு ஆண்களைப் பற்றிப் பேசத் தொடங்கினார்கள். கிளெண்டா கல்யாண வாழ்க்கையைப் பற்றி ஏடாகூடமாக ஏதாவது கேட்டால், காபியைக் குடி என்று அவள் வாயை அடைத்துவிடுவார்கள். மலைமேல் ஆண்கள் பேசுவது வாழ்க்கைத் தத்துவம், முன்னறையில் பெண்கள் பேசுவது புறணி என்றுதான் தொடர் நம்மைப் பார்க்க வைக்கிறது. ஆனால் வீட்டுக்கார அம்மாவும் தோழிகளும் அந்த முன்னறைக் காட்சி வந்ததும் பேச்சை நிறுத்திவிடுவார்கள். மலைக்காட்சி வரும்போதுதான் கெட்டிலைப் போட எழுந்து போவார்கள்.

அந்த முன்னறையை நான் கொண்டாடவும் முடியாது. மரீனாவுக்கு அங்கே நாற்காலி கிடையாது. சூப்பர்மார்க்கெட்டில் வேலைபார்க்கும், இறுக்கமாக உடை அணியும் மரீனா, ஹோவர்டின் காதலி. எல்லாத் திட்டும் அவளுக்குத்தான். மனைவியை ஏமாற்றும் ஹோவர்டு அப்பாவிக் கோமாளி. சோற்றுக்கு வேலைசெய்து தனியாக வாழும் அவள் நடத்தை கெட்டவள். இதை எழுதியது ஒரு ஆண் என்பது உண்மை. பார்த்து ரசித்தவர்களில் பெண்கள் இருந்தார்கள் என்பதும் உண்மை.

இனி நோரா. அவள் குடும்பப் பெயரைத் தமிழில் எழுத எனக்கு ஒரு சங்கடம் உண்டு. ஒருவிதமாக எழுதினால் 'பேட்டி' ஆகிறது, இன்னொருவிதமாக எழுதினால் 'பாட்டி' ஆகிவிடுகிறது. இரண்டாவதைத்தான் தொடரும் செய்தது. நோராவாக நடித்த கேத்தி ஸ்டாஃப் 1928இல் பிறந்தவர், பிரிட்டனில் ஆணுக்குச் சமமான வாக்குரிமை பெண்களுக்குக் கிடைத்த ஆண்டில். தொடர் தொடங்கியபோது அவருக்கு 45 வயதுகூட ஆகவில்லை. அவரைத் துரத்தும் காம்போவாக நடித்தவர் அவரைவிட 14 வயது மூத்தவர். காம்போ குறும்புக்காரச் சிறுவன், நோரா கிழவி. முழங்காலிலிருந்து கணுக்கால்வரை சுருங்கிச் சரிந்து கிடக்கும் அவளது தடித்த காலுறைதான் ஆண்டுக்கணக்கான நகைச்சுவை.

அதை நானும் நகைச்சுவையாகத்தான் பார்த்தேன், வீட்டுக்கார அம்மா தன் தாயைப் பற்றிச் சொல்லும்வரை. தாய் நெசவுக்காரி. தறிக்கு முன்னால் நாள் முழுக்க நின்றே வேலை. காலில் நரம்பு சுருண்டு புடைத்துக்கொண்டது. அதற்காகத் தடித்த இறுக்கக் காலுறை போட்டிருந்தார். இறுக்கம் போன பிறகும் புதிது வாங்கப் பணம் ஏது, அதையே இழுத்து இழுத்து விட்டுக்கொள்வாராம். மகள் தறிக்குப் போகவில்லை, 'மெண்டர்' ஆனார். நெய்த துணியில் அறுந்த இழைகளைக் கண்டுபிடித்து, ஊசியால் அந்த நெசவையே மீண்டும் நெய்து, குறை இருந்த இடமே தெரியாமல் செய்யும் வேலை. ஹடர்ஸ்ஃபீல்டின் உயர்ரகக் கம்பளித் துணிக்குப் பெயர் வாங்கித்தந்தது இந்தப் பெண்களின் கண்ணும் விரலும்தான். உட்கார்ந்து செய்யும் வேலை என்பதால் தன் கால் தப்பியது என்றார்.

நோராவின் தாய் தலைமுறை எப்படி இருந்திருக்கும் என்று தேடுபவர்கள் ஹோம்ஃபர்த்திலிருந்து சில மைல் போனால் போதும். மெல்தம் பக்கத்தில் பிறந்த டோரா தியூலிஸ் பத்து வயதிலேயே ஆலைக்குப் போனவள். 1907 மார்ச்சில், 16 வயதில், வாக்குரிமை கேட்டு லண்டன் போய் நாடாளுமன்றத்தை நோக்கி நடந்தவர்களில் ஒருத்தியாகக் கைதானாள். இரண்டு போலீஸ்காரர்களுக்கு நடுவே சால்வையும் கலைந்த கூந்தலுமாக அவள் நிற்கும் படம் டெய்லி மிரர் முதல் பக்கத்தில் வந்தது. பள்ளிக்கூடத்தில் இருக்க வேண்டிய பிள்ளை என்று நீதிபதி கண்டித்தார். பல ஆண்டுகளாகக் கூலி வாங்கிக்கொண்டிருந்தவளிடம்! வரலாற்றாளர் ஜில் லிடிங்டன் போன்றவர்கள் யார்க்ஷயரின் இந்த ஆலைப் பெண்களை ஆவணங்களிலிருந்து மீட்டு எழுதும்வரை, அந்தப் பள்ளத்தாக்குப் பெண் என்றால் உலகம் அறிந்தது துடைப்பத்தோடு நிற்கும் நோராவைத்தான்.

ஒரு விஷயத்தில் எனக்கும் வீட்டுக்கார அம்மாவுக்கும் ஒத்துப்போகவே இல்லை. வேண்டாம் என்று சொல்லும் ஒருத்தியை ஒருவன் வருடக்கணக்காகத் துரத்துவது எப்படிச் சிரிப்பாகும் என்று கேட்டேன். நம் சினிமாவில் இதைப் பார்த்துப் பார்த்துச் சலித்தவள் நான். அவர் சட்டென்று பதில் சொல்லவில்லை. பிறகு 1977ஐப் பற்றிப் பேசினார். மேற்கு யார்க்ஷயரில் ஒருவன் பெண்களைத் தொடர்ந்து கொன்றுகொண்டிருந்த காலம் அது. இரவில் வெளியே வராதீர்கள் என்று போலீஸ் பெண்களுக்குத்தான் அறிவுரை சொன்னது. அதை எதிர்த்து அந்த நவம்பர் 12ஆம் தேதி லீட்ஸ் உள்ளிட்ட நகரங்களில் பெண்கள் தீப்பந்தம் ஏந்தி, இரவை எங்களுக்குத் திருப்பிக் கொடு என்று ஊர்வலம் போனார்கள். 1978 ஜனவரியில் ஹடர்ஸ்ஃபீல்டிலேயே 18 வயதுப் பெண் ஒருத்தி கொல்லப்பட்டாள். வேலைமுடிந்து வரும்போது வீட்டுக்கார அம்மாவும் நான்கைந்து மெண்டர்களும் கைகோத்து நடந்து, ஒவ்வொருத்தியாக வீட்டு வாசலில் விட்டுவிட்டு வருவார்களாம். கடைசியாக நடப்பவள் யார் என்று முறை போட்டிருந்தார்கள்.

"வீட்டுக்கு வந்து கதவைப் பூட்டிவிட்டு டிவி போட்டால் நோரா காம்போவைத் துடைப்பத்தால் அடித்துக்கொண்டிருப்பாள். நான் காம்போவுக்காகச் சிரித்தேன் என்றா நினைத்தாய்?"

பில் ஓவன் இறந்த பிறகு, 2000இல் காம்போவையும் தொடரில் இறக்கவைத்தார்கள். நோராவை வழக்கமான காலுறை இல்லாமல் கறுப்புக் காலுறையில் பார்த்த பரவசத்தில் அவன் விழுகிறான். அதன்பின் அவனுக்கு வியாழக்கிழமைகளில் வேறொரு தோழி இருந்தாள் என்பது வெளியே வருகிறது. அந்த அத்தியாயங்களைச் சேர்ந்து பார்த்தோம். நோரா துக்கப்படும் காட்சியில் எனக்குக் கோபம்தான் வந்தது. வீட்டுக்கார அம்மா அழுதார். துணி மடிக்கும் சாக்கில் எழுந்து போய்விட்டார்.

ஊர் திரும்புவதற்கு முந்தைய வாரம் இருவரும் ஹோம்ஃபர்த் போனோம். நோராவின் படிக்கட்டு அப்படியே இருக்கிறது. சுற்றுலாப் பயணிகள் அதன் கைப்பிடியில் சாய்ந்து படம் எடுத்துக்கொள்கிறார்கள். பக்கத்திலேயே ஒரு தேநீர்க் கடை, பெயரே 'சுருங்கிய காலுறை'. வீட்டுக்கார அம்மா பலகையை ஒருமுறை படித்தார், குனிந்து தன் கால்களை ஒருமுறை பார்த்தார், கைப்பையைத் தோளில் ஏற்றிக்கொண்டு நடந்தார். சர்ச் பக்கத்தில் தொடரில் வரும் காபிக்கடை உண்மையாகவே காபிக்கடையாக இருக்கிறது. பலகையில் சிட் பெயர். ஐவியின் கணவன் சிட். அவராக நடித்த ஜான் கோமர் 1984இல் இறந்துவிட்டார். அதற்குப் பிறகு 26 ஆண்டுகள் கடையை நடத்தியவள் ஐவி.

ஜன்னலோரம் இடம் கிடைத்தது. நான் நோட்டில் எழுதியிருந்த அட்டவணையைக் காட்டினேன். 1973, நோராவும் ஐவியும். 1985, பேர்ல், மரீனா. 1986, ஈடி, கிளெண்டா. 2003, ஈடி இல்லை. 2008, கேத்தி ஸ்டாஃப் இறந்தார், நோரா இல்லை. அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார். என் பேனாவை வாங்கி, 1973க்கும் 1985க்கும் நடுவே நெருக்கி ஒரு வரி சேர்த்தார்: 1984, ஐவி மட்டும்.