40 கோடி ரூபாய் மாடு: ஆந்திராவின் ஓங்கோல், பிரேசிலில் 'நெலோர்' ஆனது எப்படி?

'ஆந்திர மாடு பிரேசிலில் 40 கோடிக்கு விற்பனை' - இந்தச் செய்தி உங்கள் வாட்ஸ்அப்பிலும் வந்திருக்கலாம். வெள்ளை உடம்பு, பெரிய திமில், பக்கத்தில் சிரித்தபடி ஆட்கள். செய்தி பொய்யில்லை. ஆனால் அந்த மாடு ஆந்திராவைப் பார்த்ததே கிடையாது.

யார் இந்த வியாடினா-19?

பிரேசிலில் பிறந்து வளர்ந்த நெலோர் இனப் பசு. எடை 1,101 கிலோ. இந்த இனத்தின் சராசரிப் பசுவைப்போல இரண்டு மடங்குக்கும் மேல். 2023 ஜூனில் சாவோ பாலோ மாநிலத்தின் அரண்டு நகரில் நடந்த ஏலத்தில் இதன் மூன்றில் ஒரு பங்கு உரிமை 69.9 லட்சம் பிரேசில் ரியாலுக்குப் போனது. கவனியுங்கள், மூன்றில் ஒரு பங்குதான். அதை மூன்றால் பெருக்கித்தான் முழு மாட்டின் மதிப்பு சுமார் 43 லட்சம் டாலர், அதாவது 35 கோடி ரூபாய் என்று கணக்கிட்டார்கள். கின்னஸ் சாதனையும் ஆனது. இந்தியச் செய்திகளில் 40 கோடி என்று வந்தது அதற்குப் பிறகு.

பட்டமும் உண்டு. அமெரிக்காவின் டெக்சாஸிலிருந்து நடத்தப்படும் 'உலக சாம்பியன்' மாட்டுப் போட்டியில் இவள் 'மிஸ் தென் அமெரிக்கா'. சிரிக்க வேண்டாம், அங்கே இது கோடிகள் புரளும் சமாச்சாரம். நெலோர் உள்ளிட்ட திமில் மாடுகளின் பெரிய கண்காட்சி, மினாஸ் ஜெராய்ஸ் மாநிலத்தின் உபெராபா நகரில் ஆண்டுதோறும் நடக்கும் எக்ஸ்போசெபு. வயது வாரியாகப் பிரித்து நிறுத்தி, முதுகின் நேர்த்தி, பின்பகுதியின் சதை, கால் வாகு எல்லாம் பார்த்து சாம்பியனைத் தேர்வு செய்வார்கள்.

சரி, கறிக்கா இவ்வளவு விலை?

இல்லவே இல்லை. விலை கருமுட்டைக்கு. பசுவிடமிருந்து முட்டையை எடுத்து, ஆய்வகத்தில் கருவாக்கி, வேறு பசுக்களின் வயிற்றில் வைத்துவிடுகிறார்கள். வியாடினாவின் கருமுட்டைகளை எடுக்கும் வாய்ப்புக்கே சுமார் 2.5 லட்சம் டாலர் கொடுக்கிறார்கள். அவளது முழுப்பெயரின் நடுவே 'எஃப்ஐவி' என்று வரும். அது சோதனைக்குழாய் முறையில் பிறந்ததைக் குறிக்கும் போர்ச்சுகீசியச் சுருக்கம். கண்காட்சிப் பட்டம் என்பது இந்த வியாபாரத்துக்கான முத்திரை, அவ்வளவுதான்.

நெல்லூர் மாடு கப்பலேறிய கதை

ஓங்கோல் மாட்டின் தாய்மண் ஆந்திராவின் பிரகாசம், குண்டூர், நெல்லூர் வட்டாரம். வெள்ளைக்காரர்கள் 'நெல்லூர் மாடு' என்றார்கள். பிரேசிலில் அதுவே நெலோர். 1868-ல் ஒரு கப்பல் சால்வடார் துறைமுகத்தில் நின்றபோது ஒரு ஜோடி அங்கே விற்கப்பட்டது. 1878-ல் ரியோவைச் சேர்ந்த பண்ணையார் ஒருவர் ஜெர்மனியின் ஹாம்பர்க் மிருகக்காட்சிசாலையிலிருந்து இன்னொரு ஜோடி வாங்கினார்.

எல்லாம் சுமுகமாக நடக்கவில்லை. 1920-ல் பிரேசிலுக்குப் போகும் வழியில் பெல்ஜியத்தின் ஆண்ட்வெர்ப்பில் இறக்கப்பட்ட இந்திய மாடுகளால் அங்கே கோமாரியைவிடக் கொடிய வெக்கை நோய் பரவியது. உலக விலங்கு சுகாதார அமைப்பு 1924-ல் உருவானதற்கு அந்தச் சம்பவமே தூண்டுதல். 1921-ல் பிரேசிலிலும் அந்நோய் தலைகாட்ட, இறக்குமதிக்குத் தடை வந்தது.

கடைசிப் பெரிய இறக்குமதி 1960-களின் தொடக்கத்தில். 1962-ல் போன காளைகளில் ஒன்று கர்வாடி. ஓங்கோல் பக்கத்தில் இருக்கும் கரவடி கிராமத்தின் பெயர்தான் அது. இன்றைய நெலோர் வம்சாவளிகளில் திரும்பத் திரும்ப வரும் பெயரும் அதுவே.

பிரேசிலில் ஏன் இப்படிப் பெருகியது? வெள்ளை முடி, அதன் கீழே கறுத்த தோல், வெயில் தாங்கும். உண்ணி அவ்வளவாக அண்டாது. கன்று சின்னதாகப் பிறப்பதால் மேய்ச்சல் காட்டிலேயே ஆள் துணையில்லாமல் ஈனும். இந்திய மாடு, ஆப்பிரிக்காவிலிருந்து வந்த புல், பிரேசில் நிலம் - இந்தக் கூட்டணிதான் அந்நாட்டை மாட்டிறைச்சி ஏற்றுமதியில் முன்வரிசைக்குக் கொண்டுவந்தது. அங்குள்ள 20 கோடிக்கும் அதிகமான மாடுகளில் சுமார் 80 சதவீதம் திமில் இனங்கள். அதில் பெரும்பங்கு நெலோர்.

பிறந்த ஊரில் என்ன நிலைமை?

நம்ம ஊர் ஓங்கோல் கறிக்காக வளர்க்கப்பட்ட இனமே அல்ல. உழவு, வண்டி, வீட்டுக்குப் பால். டிராக்டர் வந்ததும் முதல் இரண்டும் போயின. பாலில் கலப்பினப் பசுவோடு போட்டிபோட முடியவில்லை. சங்கராந்தி சமயத்தில் நடக்கும் கல் இழுக்கும் போட்டிக்காக ஆசையாய் ஜோடிக் காளை வளர்ப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். 2002 ஹைதராபாத் தேசிய விளையாட்டுப் போட்டியின் சின்னமாக 'வீரா' என்ற ஓங்கோல் காளையை வைத்தோம். ஆனால் சின்னத்துக்குத் தீவனச் செலவு கிடையாது, காளைக்கு உண்டு.

குண்டூர் அருகே லாம், பிரகாசம் மாவட்டத்தில் சதலவாடா ஆகிய அரசுப் பண்ணைகள் தூய இனத்தைக் காத்து வருகின்றன. இது வெறும் பெருமைக்கான வேலையில்லை. பிரேசிலின் பல கோடி நெலோர்களும் மிகச் சில மூதாதைகளின் வாரிசுகள். அங்கே இல்லாத மரபணு வகைகள் மிச்சமிருக்க வாய்ப்புள்ள இடம் இந்த ஊர்கள்தான்.

வியாடினாவின் விலையில் ஆந்திர விவசாயிக்குப் பங்கு கேட்க முடியுமா? சட்டப்படி வழியில்லை. உயிரியல் வளத்தின் பலனைப் பகிர வேண்டும் என்ற சர்வதேச உடன்படிக்கை 1992-ல் வந்தது, இந்தியச் சட்டம் 2002-ல். இரண்டும் முன்தேதியிட்டுச் செல்லாது. கர்வாடி கப்பலேறியது அதற்கெல்லாம் பல பத்தாண்டுகள் முன்பு.