இந்திய–சோவியத் கலாச்சாரக் கழகம் (இஸ்கஸ்)

இந்தியர்களும் சோவியத் ஒன்றிய மக்களும் ஒருவரையொருவர் நேரில் அறிந்து பழகுவதற்காக 1952இல் தொடங்கப்பட்ட, லாப நோக்கமில்லாத சங்கம் இது. ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகளைச் சேர்த்து 'இஸ்கஸ்' என்றுதான் தோழர்கள் சொல்வார்கள். பம்பாயின் பேர்பெற்ற அறுவை மருத்துவர் ஏ.வி. பாளிகா இதன் தலைவராக இருந்தார். 1952 முதல் 1961 வரை மாஸ்கோவில் இந்தியத் தூதராக இருந்த கே.பி.எஸ். மேனனும் பின்னாளில் அந்தப் பொறுப்பை வகித்தார்.

கழகத்தின் வேர், ஒரு ஜெர்மன்–ருஷ்யப் போரில் இருக்கிறது. 1941 ஜூன் 22 அன்று ஹிட்லரின் படைகள் சோவியத் எல்லையைக் கடந்தன. அதே ஆண்டில் வங்கத்தில் 'சோவியத் நண்பர்கள்' என்ற அமைப்பு எழுந்தது. பதினோர் ஆண்டு கழித்து வந்த இஸ்கஸ், அந்த அமைப்பின் ஆட்களையும் ஆர்வத்தையும் சுவீகரித்துக்கொண்டது.

ஆனால் ஆர்வம் என்று பார்த்தால் அதற்கும் வெகுமுன்பே தொடங்கிவிட்டது. 1927இல் நேரு மாஸ்கோ போனார், 1930இல் தாகூர் போனார், 1932இல் பெரியார் போய்ச் சில மாதங்கள் சுற்றிப் பார்த்துவிட்டு வந்தார். 1951இல் கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணன் திரைப்படக் குழுவோடு போனார். நாத்திகர், கவிஞர், நகைச்சுவை நடிகர் என்று ஒன்றுக்கொன்று ஒட்டாத ஆட்கள்தான். ஆனால் திரும்பி வந்த எல்லோரிடமும் சொல்வதற்குக் கதை இருந்தது. கழகம் செய்ததெல்லாம் இந்தப் போக்குவரத்துக்கு ஒரு கிளை, ஒரு செயலாளர், ஒரு ரசீதுப் புத்தகம் என்று ஒழுங்கு செய்து கொடுத்ததுதான்.

தமிழகத்தில் இந்த உறவின் கதையை எழுதப் புகுந்தால் கடலூர் மாவட்டம் அடிக்கடி குறுக்கே வரும். ஜார் வீழ்ந்ததைப் பாடிய பாரதி, புதுச்சேரியை விட்டு வெளியே வந்ததும் 1918 நவம்பரில் கைதாகி அடைபட்டது கடலூர்ச் சிறையில். ருஷ்ய எழுத்தாளர் குப்ரினின் நாவலைப் 'பலிபீடம்' என்று தமிழாக்கிய புதுமைப்பித்தன் பிறந்தது திருப்பாதிரிப்புலியூரில். அவருடைய வரலாற்றை எழுதிய தொ.மு.சி. ரகுநாதனே கார்க்கியின் 'தாய்' நாவலைத் தமிழுக்குக் கொண்டுவந்தார். பின்பு 'சோவியத் நாடு' இதழிலும் பணியாற்றினார். கடலூர் மஞ்சக்குப்பத்தில் 1934இல் பிறந்த ஜெயகாந்தன் 1978இல் சோவியத் லேண்ட் நேரு விருது பெற்றார். 2011இல் ருஷ்ய அரசு அவருக்கு 'நட்புறவு விருது' அளித்தது.

எழுத்தாளர்களை விடுங்கள். ஸ்ரீமுஷ்ணம், விருத்தாசலம் பக்கத்து ஜனங்களுக்கு ருஷ்யர்கள் அறிமுகமானது இலக்கியத்தால் அல்ல, கரண்டால். நெய்வேலியில் ஜம்புலிங்க முதலியார் நிலத்தில் கிணறு தோண்டியபோது 1930களில் பழுப்பு நிறப் பொருள் ஒன்று மேலே வந்தது. அது பழுப்பு நிலக்கரி. அதை வெட்டியெடுக்க 1956இல் நிறுவனம் அமைந்தது, 1957இல் சுரங்கம் தோண்டத் தொடங்கினார்கள். நிலக்கரிக்கு மேலே கிடந்த மண்ணை வழித்தெடுத்த பிரம்மாண்டமான சக்கர எந்திரங்கள் மேற்கு ஜெர்மனியிலிருந்து வந்தவை. தோண்டிய கரியை எரித்த அனல்மின் நிலையம் சோவியத் உதவியில் எழுந்தது. அதன் முதல் 50 மெகாவாட் அலகு 1962இல் ஓடத் தொடங்கியது. 1970க்குள் மொத்தம் 600 மெகாவாட். ஐரோப்பாவில் சுவர் எழுப்பிக்கொண்டு முறைத்துக்கொண்டிருந்த இரண்டு முகாம்களின் எந்திரங்கள், முந்திரிக்காட்டு மண்ணில் ஒன்று தோண்ட மற்றொன்று எரிக்க, சண்டையில்லாமல் குடித்தனம் நடத்தின. கரிக்கு மேலே கிடந்த களிமண்ணும் வீண்போகவில்லை. விருத்தாசலத்துப் பீங்கான் சூளைகளுக்கு நெய்வேலிக் களிமண் போயிற்று; அகல் விளக்காகவும் கொலு பொம்மையாகவும் திரும்பி வந்தது.

கழகக் கூட்டங்களில் நடந்தவை எளிமையானவை: நவம்பர் புரட்சி நாள் கூட்டம், திரைப்படக் காட்சி, புகைப்படக் கண்காட்சி, ருஷ்ய மொழி வகுப்பு, வருகிற தூதுக்குழுவுக்கு மாலை. ஆனால் கூட்டத்துக்கு வராதவர்களையும் எட்டியது அச்சுத்தாள்தான். 'சோவியத் நாடு' இதழின் வழவழப்பான வண்ணத்தாள், படித்து முடித்த கையோடு பள்ளிப் பிள்ளைகளின் நோட்டுக்கு அட்டையாகிவிடும். கணக்கு நோட்டின் மேல் கோதுமை வயலும் டிராக்டரும் இருக்கும். சந்தா கட்டியவர்களுக்குக் காலண்டர் இலவசம்.

புத்தகங்களின் கதை தனி. மாஸ்கோவின் முன்னேற்றப் பதிப்பகமும் மீர் பதிப்பகமும் அச்சடித்து அனுப்பிய தமிழ் நூல்களை, 1951இல் தொடங்கிய நியூ செஞ்சுரி புக் ஹவுஸ் ஊர் ஊராகக் கொண்டுபோய் விற்றது. கெட்டி அட்டை, நூல் தையல், நல்ல தாள். விலையோ சில்லறைக் காசு. ரா. கிருஷ்ணையாவின் தமிழில் 'வெண்ணிற இரவுகள்', பூ. சோமசுந்தரத்தின் தமிழில் 'உண்மை மனிதனின் கதை', பிள்ளைகளுக்குப் பெரெல்மானின் 'பொழுதுபோக்கு பௌதிகம்'. கடைசிப் பக்கத்தைப் புரட்டினால் வாசகருக்கு ஒரு வேண்டுகோள் இருக்கும்: மொழிபெயர்ப்பும் அச்சும் எப்படி, எழுதுங்கள். கீழே மாஸ்கோ சூபவ்ஸ்கி புல்வார் முகவரி. பழைய பதிப்புகளில் 21, பிந்தியவற்றில் 17 என்று கதவு எண் மாறியிருக்கும். தாலுகா ஊரில் உட்கார்ந்திருக்கும் வாசகனிடம் மாஸ்கோ அபிப்பிராயம் கேட்டது. உள்ளூர்ப் பதிப்பாளர்கள்கூட அப்போது கேட்டதில்லை.

அங்கிருந்து இங்கு வந்த அளவுக்கு இங்கிருந்து அங்கு போகவில்லை என்ற குறை உண்டு. ஓரளவுக்கு அது நியாயமும்கூட. என்றாலும் லெனின்கிராடில் தமிழ் கற்பித்த செம்யோன் ருதின் தன் பெயரைச் 'செம்பியன்' என்று மாற்றி வைத்துக்கொண்டார். மாஸ்கோப் பல்கலைக்கழகத்தின் அலெக்ஸாந்தர் துப்யான்ஸ்கி சங்க இலக்கியத்தில் ஆழ்ந்தவர். 2010இல் கோவை செம்மொழி மாநாட்டுக்கும் வந்தார். 2020இல் கொரோனா அவரைக் கொண்டுபோயிற்று.

கழகம் கம்யூனிஸ்ட் கட்சியின் பின்வாசல் என்ற பேச்சும் இருந்தது. 1981இல் காங்கிரஸ் தரப்பு 'சோவியத் நண்பர்கள்' என்ற பழைய பெயரிலேயே போட்டி அமைப்பு ஒன்றைத் தொடங்கியதற்கு இதுவே காரணம். கட்சிக்காரர்கள் நிறைய இருந்தார்கள் என்பது உண்மைதான். நாற்காலி போட்டு, திரை கட்டி, மீந்த புத்தகத்தைச் சைக்கிளில் ஏற்றி வீடு திரும்பியவர்களும் அவர்களே. அவர்களைக் கழித்துவிட்டால் கழகத்தில் பெயர்ப்பலகைதான் மிஞ்சும்.

இத்தகைய சங்கங்களின் ஆயுள், இரண்டு அரசுகளின் முகக்குறிப்பைப் பொறுத்தது. ஜெர்மானியருக்கும் ருஷ்யருக்கும் இடையே இளைஞர், தன்னார்வலர் பரிமாற்றத்துக்காக 1992இல் பெர்லினில் எழுந்த 'ஜெர்மன்–ருஷ்யப் பரிமாற்றம்' அமைப்பை, 2021 மே மாதம் ருஷ்யா 'விரும்பத்தகாத அமைப்பு' என்று அறிவித்துக் கதவைச் சாத்தியது. புதினும் ஷ்ரோடரும் 2001இல் தொடங்கி வைத்த 'பீட்டர்ஸ்பர்க் உரையாடல்' உக்ரைன் போர் தொடங்கியபின் கலைக்கப்பட்டது. பதிவு எண்ணே இல்லாத உறவுகள் நீடிப்பதும் உண்டு; கடலூர் மாவட்டத்திலேயே அதற்கு உதாரணம் இருக்கிறது. ஸ்ரீமுஷ்ணம் பூவராக சுவாமி மாசி மகத் தீர்த்தவாரிக்குக் கிள்ளை கடற்கரைக்குப் புறப்படுகையில், தைக்காலில் முஸ்லிம்கள் எதிர்கொண்டு மரியாதை செய்கிறார்கள். கோயில் மாலையை வாங்கிக்கொள்கிறார்கள்.

1991 டிசம்பரில் சோவியத் ஒன்றியம் மறைந்தது. கழகத்தின் பெயரில் பாதி, நாடில்லாத சொல்லாயிற்று. பெயரில் 'ருஷ்ய' என்று மாற்றிக்கொண்ட அமைப்புகள் சென்னையில் ஆழ்வார்பேட்டை ருஷ்யக் கலாச்சார மையத்தை ஒட்டி இயங்குகின்றன. நெய்வேலியின் சோவியத் அனல்மின் நிலையம் 2020இல் நிறுத்தப்பட்டது.