எண்ணெய் அள்ளிய கைகள்: காத்திவாக்கத்தில் குடிமை உரிமைப் போராட்டத்தின் வளர்ச்சி

முன்னுரை

குடிமை உரிமைப் போராட்டம் என்றதும் மறுக்கப்பட்ட வீதிகளே நினைவுக்கு வரும். 1924இல் வைக்கம் தொண்டர்கள் அடியும் சிறையும் ஏற்றது கோயிலைச் சுற்றிய பொதுச்சாலைகளில் நடக்கும் உரிமைக்காக. வடசென்னையின் காத்திவாக்கத்து மீனவர் கேட்பது ஆற்றையும் மூச்சுக்காற்றையும். வடிவம் மாறினாலும் இதுவும் சமக் குடிமகனாக நடத்தப்படும் உரிமைதான். அதற்காக உள்ளூர்த் தொண்டர்கள் தம் உடலையே பணயம் வைக்க நேர்ந்தது ஏன் என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

களமும் சட்டமும்

கொசஸ்தலை ஆறு கடலில் கலக்கும் முகத்துவாரத்தை ஒட்டியவை தாழங்குப்பம், நெட்டுக்குப்பம், முகத்துவாரக்குப்பம், சிவன்படைகுப்பம், காட்டுக்குப்பம் ஆகிய ஊர்கள். அவற்றைச் சூழ 1970இல் எண்ணூர் அனல்மின் நிலையமும், 1994இல் வடசென்னை அனல்மின் நிலையமும், 2001இல் எண்ணூர்த் துறைமுகமும் இயங்கத் தொடங்கின. சாம்பல் படிந்து ஆறு தூர்ந்தது. இறாலும் மீனும் குறைந்தன.

1991ஆம் ஆண்டு இரு வகையில் திருப்புமுனை. மாசற்ற நீரும் காற்றும் அரசியல் சட்டத்தின் 21ஆம் பிரிவு தரும் வாழ்வுரிமையில் அடங்கும் என்று சுபாஷ் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியது. கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கையும் அதே ஆண்டில் வந்தது. அதுவரை இழப்பீடு கோரும் மனுவாக இருந்தது, இனி உரிமைக் கோரிக்கையாக மாற முடிந்தது. அமெரிக்காவிலும் இத்தகைய நகர்வு நிகழ்ந்தது. 1982இல் வட கரோலினாவின் வாரன் மாவட்டத்தில் நச்சுக்கழிவுக் கிடங்கை எதிர்த்துச் சாலையில் படுத்து மறித்த கறுப்பின மக்களும் ஆதரவாளர்களுமாக 500க்கும் மேற்பட்டோர் கைதாயினர். குடிமை உரிமை இயக்கம் சுற்றுச்சூழல் நீதியோடு கைகோத்தது அங்கேதான்.

ஆவணத்திலிருந்து உடலுக்கு

காத்திவாக்கத்துப் போராட்டம் முதலில் ஆவணங்களில் நடந்தது. மத்திய அரசு 1996இல் ஏற்ற வரைபடம் முகத்துவாரப் பகுதியைப் பாதுகாக்கப்பட்டதாகக் காட்டியதைத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் வெளிக்கொணர்ந்தது. சாம்பல் மாசுக்கு எதிராகக் காட்டுக்குப்பம் மீனவர் தரப்பு தொடுத்த வழக்கில், 2022இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் மின்வாரியத்தைப் பொறுப்பாக்கியது.

ஆனால் பேரிடர், தீர்ப்புக்குக் காத்திருப்பதில்லை. 2017 ஜனவரி 28இல் துறைமுகத்துக்கு அருகே இரு கப்பல்கள் மோதி, எண்ணெய் கடலில் கசிந்தது. முறையிட உள்ளூர் மன்றமும் இல்லை: காத்திவாக்கம் 2011இல் சென்னை மாநகராட்சியோடு இணைந்துவிட்டது. மாநகராட்சி மாமன்றத்தின் பதவிக்காலமும் 2016 அக்டோபரில் முடிந்திருந்தது. கேட்பதற்கு வட்ட உறுப்பினர் இல்லாத நேரம் அது. கரையில் ஒதுங்கிய எண்ணெய்ச் சேற்றை மீனவரும் மாணவரும் வாளிகளில் அள்ளினர்.

2023 டிசம்பரில் மாமன்றம் இருந்தது. ஆயினும் காட்சி மாறவில்லை. மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலி சிபிசிஎல் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைப் பகுதியிலிருந்து பக்கிங்காம் கால்வாய் வழியே வந்த எண்ணெய் கொசஸ்தலையில் பரவியது. கூலிக்கும் கூலியின்றியும் மீனவர் படகிலிருந்து அதைக் குவளைகளால் வழித்தெடுத்தனர். தோலையும் நுரையீரலையும் தாக்கும் ஆவிகளுக்கு நடுவே பலர் வெறுங்கையோடு நின்றனர். மீனவக் குடும்பத்துக்கு 12,500 ரூபாய், படகுக்கு 10,000 ரூபாய் என்று அரசு நிவாரணம் அறிவித்தது. இழப்பைக் குடும்பத்துக்கும் படகுக்கும் அளந்த அந்தக் கணக்கில், எண்ணெய் அள்ளியவரின் உடல் தனித் தலைப்பாக இடம்பெறவில்லை.

அதே மாதம் 26ஆம் தேதி நள்ளிரவில், எண்ணூரை அடுத்த பெரியகுப்பத்தில் உர ஆலையின் கடலடிக் குழாயிலிருந்து அமோனியா கசிந்தது. கண் எரிச்சலோடும் மூச்சுத்திணறலோடும் விழித்த மக்கள் குழந்தைகளையும் முதியவர்களையும் தாங்களே அப்புறப்படுத்தினர். 50க்கும் மேற்பட்டோர் மருத்துவமனையில் சேர்ந்தனர். பெண்கள் முன்னின்ற தொடர் போராட்டத்தில் 33 கிராமங்கள் இணைந்தன. 2018 மே மாதம் தூத்துக்குடியில் ஆலை எதிர்ப்புப் போராட்டத்தின்போது நடந்த துப்பாக்கிச் சூட்டில் 13 பேர் இறந்த நினைவு ஆறாத மாநிலத்தில், ஆலை வாசலில் உட்காருவதும் துணிவுதான்.

முடிவுரை

மனு, ஆவணம், வழக்கு, உடல் என்று இப்போராட்டம் வளர்ந்துள்ளது. ஒவ்வொரு கட்டத்திலும் அரசும் ஆலையும் விட்ட இடத்தை மீனவரே நிரப்பினர். இதைத் தியாகம் என்று போற்றுவதோடு நின்றால், கடமை தவறியவர் தப்பிவிடுவர். மாசு அள்ளிய ஒவ்வொருவருக்கும் பாதுகாப்புக் கருவி, மருத்துவப் பதிவு, நீண்டகாலக் கண்காணிப்பு ஆகியவற்றைச் சட்டக் கடமையாக்க வேண்டும். உயிரைப் பணயம் வைக்கத் தொண்டர் தேவைப்படாத நாளில்தான் 21ஆம் பிரிவு காத்திவாக்கத்திலும் நடைமுறையில் உள்ளது என்று சொல்ல முடியும்.