முக நிரப்பி ஊசிகள்: பாதுகாப்பும் அறமும்

முக நிரப்பி எனப்படும் ஃபில்லர், ஊசி வழியே தோலுக்கு அடியில் செலுத்தப்படும் பொருள். அங்கேயே தங்கி, குழிந்த கன்னத்தை மேடாக்கவும் மெலிந்த உதட்டைத் தடிப்பாக்கவும் சுருக்கக் கோடுகளை நிரவவும் அது பயன்படுகிறது. பேச்சில் இதையும் பொட்டாக்ஸையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வது வழக்கம். பொட்டாக்ஸ் தசையைத் தற்காலிகமாகச் செயலிழக்கச் செய்யும் நச்சுப்புரதம். சட்டத்தின் கண்ணில் அது மருந்து. நிரப்பி தசையைச் சீண்டுவதில்லை, இடத்தை அடைப்பதோடு சரி. அதனால் அமெரிக்கா, ஐரோப்பா, இந்தியா ஆகிய இடங்களில் அது மருத்துவச் சாதனமாகவே வகைப்படுத்தப்படுகிறது. கேட்பதற்கு அலுவலகக் கோப்பு விவகாரம்போல இருந்தாலும், ஊசியை யார் கையில் எடுக்கலாம் என்ற கேள்வி சில நாடுகளில் நெடுங்காலம் விடையின்றிக் கிடந்ததற்கு இந்த வகைப்பாடும் ஒரு காரணம்.

பாரஃபின் முதல் ஜெல் வரை

1893இல் ஜெர்மன் அறுவை மருத்துவர் நாய்பர், நோயாளியின் கையிலிருந்து எடுத்த கொழுப்பை அவருடைய முகத்தழும்பின் பள்ளத்தில் வைத்து நிரப்பினார். 1899இல் வியன்னாவில் ராபர்ட் கெர்சூனி, காசநோயால் விதைகளை இழந்த ஒருவருக்குப் பாரஃபின் செலுத்தினார். பார்வைக்கு அது நன்றாக அமைந்துவிடவே, மூக்கு, கன்னம், மார்பகம் என்று பாரஃபின் பரவியது. பின்னர் அது இடம் மாறியது. சுற்றிலும் கெட்டிக் கட்டிகள் உருவாயின. அந்தக் கட்டிகளுக்குப் பாரஃபினோமா என்று தனிப்பெயரே ஏற்பட்டது. பேரழகி என்று புகழப்பட்டு, பின்னாளில் மார்ல்பரோ சீமாட்டியான கிளாடிஸ் டீக்கன், மூக்குத்தண்டை நேராக்கிக்கொள்ள மெழுகு ஊசி போட்டுக்கொண்டார். மெழுகு கீழே இறங்கி முகம் உருக்குலைந்தது. பிறகு சீராகவே இல்லை.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் திரவ சிலிக்கோன் வந்தது. முதலில் ஜப்பானிலும் பிறகு அமெரிக்காவிலும் பெண்களின் மார்பகங்களில் அது நேரடியாகச் செலுத்தப்பட்டது. கட்டியும் புண்ணும் வந்து மார்பகத்தையே அகற்ற நேர்ந்தவர்கள் உண்டு. 1970களில் நெவாடா மாநிலம் இந்த ஊசியைக் குற்றமாக்கியது. சீனாவில் பெருமளவில் பயன்பட்ட பாலிஅக்ரிலமைடு கூழ் 2006இல் தடைசெய்யப்பட்டது. பொருள் மாறினாலும் போக்கு மாறவில்லை: முதலில் அற்புதம், பிறகு புகார், கடைசியில் தடை. சேதம் தெரியவரப் பல ஆண்டுகள் பிடிக்கும்; அதற்குள் ஊசி ஆயிரக்கணக்கான உடல்களுக்குள் போயிருக்கும்.

முறையான ஒப்புதலுடன் வந்த முதல் நிரப்பி மாட்டுத்தோலிலிருந்து எடுத்த கொலாஜன். அமெரிக்க உணவு மருந்து நிர்வாகமான எஃப்.டி.ஏ. 1981இல் அதை அனுமதித்தது. சிலருக்கு ஒவ்வாமை வந்ததால், முன்கையில் சோதனை ஊசி போட்டுச் சில வாரங்கள் காத்திருந்த பிறகே முகத்தில் போட வேண்டியிருந்தது. அதன் இடத்தைப் பிடித்தது ஹயலூரோனிக் அமிலம். கொலம்பியா பல்கலைக்கழகத்தில் கார்ல் மேயரும் ஜான் பாமரும் 1934இல் மாட்டுக் கண்ணின் கூழ்ப்பகுதியிலிருந்து பிரித்தெடுத்த இப்பொருள், நம் தோலிலும் மூட்டுகளிலும் இயல்பாகவே இருக்கிறது. ஆனால் உடல் அதை வெகுவேகமாகச் சிதைத்துவிடும். அதனால் மூலக்கூறுகளை ஒன்றோடொன்று வேதிமுறையில் பிணைத்துக் கெட்டியான ஜெல்லாக்குகிறார்கள். ஸ்வீடனில் உருவான ரெஸ்டிலேன் 1996இல் ஐரோப்பாவிலும், 2003 டிசம்பரில் அமெரிக்காவிலும் அனுமதி பெற்றது. இன்று உலகில் போடப்படும் நிரப்பிகளில் பெரும்பங்கு இவ்வகைதான்.

விளம்பரங்கள் இதை ‘இயற்கையானது’ என்று கொண்டாடுகின்றன. அதன் உண்மையான சிறப்பு அதுவன்று. போட்டதைக் கரைக்க முடியும் என்பதுதான். ஹயலூரோனிடேஸ் என்னும் நொதியைச் செலுத்தினால் ஜெல் கரையும். கால்சியம் ஹைட்ராக்சிலபடைட், பாலி-எல்-லாக்டிக் அமிலம் ஆகியவற்றுக்கு இப்படி ஒரு மாற்று மருந்து இல்லை. நுண்மணிகளாகத் தோலுக்குள் நிரந்தரமாகத் தங்கிவிடும் பி.எம்.எம்.ஏ. என்ற பிளாஸ்டிக்கைத் திரும்ப எடுக்கக் கத்திதான் வழி. தன் கொழுப்பையே எடுத்துப் போட்டுக்கொள்வது பாதுகாப்பானது என்ற பரவலான நம்பிக்கையும் சரியன்று. அதன் காரணம் அடுத்த பகுதியில் வருகிறது.

இரத்தக்குழாய்க்குள் போகும் ஜெல்

வீக்கம், கன்றிப்போதல், வலி, சில நாள் சமச்சீரின்மை ஆகியவை பெரும்பாலோருக்கு வந்து தாமாகவே போகும். உதட்டில் ஊசி போடும்போது, பழைய அக்கி வைரஸ் விழித்துக்கொண்டு கொப்புளம் வருவதுண்டு. இவற்றைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. அஞ்ச வேண்டியது ஒன்றே: தோலடியில் தங்க வேண்டிய பொருள் தமனிக்குள் நுழைந்துவிடுவது.

அப்படி நுழைந்தால் அந்தத் தமனி இரத்தம் ஊட்டும் தோல்பரப்பு பட்டினி கிடக்கிறது. ஊசி போட்ட இடமோ அதிலிருந்து சற்றுத் தள்ளிய இடமோ வெளுக்கும். வலி அளவுக்கு மீறும். பிறகு வலைப்பின்னல்போல நீலச்சாயல் படரும். விரலால் அழுத்தி விட்டால் நிறம் திரும்பத் தாமதமாகும். ஓரிரு நாளில் சிறு சீழ்க்கொப்புளங்கள் தோன்றும். கவனிக்காவிட்டால் தோல் கறுத்து உதிர்ந்து தழும்பாகும். இந்தக் கொப்புளங்களை அக்கி என்று நினைத்து நாட்களைக் கடத்திவிடும் தவறும் நடக்கிறது.

இதைவிடக் கொடியது பார்வை இழப்பு. நெற்றி, புருவநடு, மூக்குத்தண்டு ஆகிய இடங்களின் சிறு தமனிகள் கண்ணுக்கு இரத்தம் கொண்டுசெல்லும் கண் தமனியின் கிளைகள், அல்லது அதனோடு தொடர்புடையவை. ஊசிமுனை இவற்றில் ஒன்றுக்குள் இருக்கும்போது பிஸ்டனை அழுத்தினால், அழுத்தத்தின் வேகத்தில் ஜெல் இரத்த ஓட்டத்துக்கு எதிர்த்திசையில் பின்னோக்கிப் போகும். அழுத்தம் விலகியதும், இயல்பான ஓட்டம் அதை முன்னோக்கித் தள்ளி விழித்திரைத் தமனியில் கொண்டுபோய் அடைக்கும். ஊசி போட்ட சில நொடிகளில் ஒரு கண் இருண்டுவிடும். கடும் கண்வலி, குமட்டல், இமை தொங்குதல் ஆகியவையும் சேரலாம். இன்னும் பின்னால் போனால் பக்கவாதம். விழித்திரை இரத்தமின்றித் தாங்கும் நேரம் ஏறக்குறைய ஒன்றரை மணிதான் என்பதால், பெரும்பாலோருக்குப் பார்வை திரும்புவதில்லை. கண்ணுக்குப் பின்னால் ஹயலூரோனிடேஸ் செலுத்திப் பார்க்கிறார்கள், பலன் நிச்சயமில்லை.

2015இல் கனடாவின் தோல் மருத்துவர் கேட்டி பெலெஸ்னாயும் உடன் ஆய்வாளர்களும் அதுவரை உலக மருத்துவ இதழ்களில் பதிவான பார்வை பாதிப்புகளைத் தொகுத்தபோது 98 பேர் இருந்தனர். அவர்களில் ஏறத்தாழப் பாதிப்பேருக்குச் செலுத்தப்பட்டது அவர்களுடைய சொந்தக் கொழுப்பு. புருவநடுவும் மூக்கும்தான் அதிக ஆபத்தான இடங்கள். அதே ஆண்டு மே மாதம் எஃப்.டி.ஏ. இந்த அபாயம் குறித்துப் பொது எச்சரிக்கை வெளியிட்டது. கோடிக்கணக்கில் போடப்படும் ஊசிகளோடு ஒப்பிட்டால் இந்த எண்ணிக்கை மிகச் சிறியது. பதிவாகாமல் போனவை இருக்கக்கூடும் என்பதையும் சேர்த்தே அதைப் படிக்க வேண்டும்.

கூர்மையான ஊசிக்குப் பதில் சில இடங்களில் மொட்டை முனையுள்ள கேனுலா என்னும் மெல்லிய குழாயைப் பயன்படுத்துவது, மிகச் சிறு அளவாக மெதுவாகச் செலுத்துவது, முதலில் பிஸ்டனைப் பின்னிழுத்து இரத்தம் வருகிறதா என்று பார்ப்பது, அல்ட்ராசவுண்டால் தமனியின் இருப்பிடம் அறிவது ஆகியவை ஆபத்தைக் குறைக்கும். எதுவும் அதை முற்றாக நீக்காது. தமனியின் பாதை ஆளுக்கு ஆள் மாறும் என்பதால், பாடப்புத்தகப் படத்தை மட்டும் நம்பி ஊசி போட முடியாது.

வாரங்களோ மாதங்களோ கழித்து வரும் தொல்லைகளும் உண்டு. ஜெல்லைச் சுற்றிக் கிருமிப்படலம் உருவாகிக் கட்டியாவது, காய்ச்சல் போன்ற தொற்றின்போது முன்பு ஊசி போட்ட இடம் திடீரென வீங்குவது ஆகியவை பதிவாகியுள்ளன. மாடர்னா கொரோனா தடுப்பூசி ஆய்வில், முன்பு நிரப்பி போட்டிருந்த சிலருக்கு முகம் வீங்கியதும் இவ்வகையே. ஆறு முதல் பதினெட்டு மாதங்களில் கரைந்துவிடும் என்று விற்கப்படும் ஜெல், பல ஆண்டுகளுக்குப் பின்னும் எம்.ஆர்.ஐ. படங்களில் தென்படுகிறது. ‘கரைந்துவிட்டது’ என்று நம்பி அதன்மேலேயே திரும்பத் திரும்பப் போடுவதன் விளைவுதான் ஊதிப்போன முகங்கள்.

ஊசி யார் கையில்?

இங்கிலாந்தின் அனுபவம் இதில் பாடமாக நிற்கிறது. மார்பகங்களில் பொருத்திய சிலிக்கோன் பைகள் தரமற்றவை என்று தெரியவந்த ஊழலுக்குப் பின், மருத்துவர் புரூஸ் கீயோ தலைமையில் அமைக்கப்பட்ட குழு 2013இல் தந்த அறிக்கை, நிரப்பி ஊசி போட்டுக்கொள்பவருக்கு ஒரு பேனா வாங்குபவருக்கு உள்ள அளவு பாதுகாப்புதான் இருக்கிறது என்ற பொருளில் கண்டித்தது. அங்கே மருத்துவப் பயிற்சியே இல்லாதவரும் நிரப்பி போடலாம் என்ற நிலை அதன் பிறகும் தொடர்ந்தது. 2021 அக்டோபர் 1 முதல் 18 வயதுக்குட்பட்டோருக்கு அழகுக்காக ஊசி போடுவது குற்றமாக்கப்பட்டது. உரிமம் வழங்கும் முறையைக் கொண்டுவரும் அதிகாரத்தை 2022ஆம் ஆண்டுச் சட்டம் அரசுக்குத் தந்தது. அறிக்கை வந்த பின் குழந்தைகளைக் காக்கவே எட்டு ஆண்டுகள் என்பது நீண்ட காத்திருப்பு.

அமெரிக்காவில் எஃப்.டி.ஏ. முகம், கைகளின் புறப்பகுதி போன்ற குறிப்பிட்ட பகுதிகளுக்கு மட்டுமே நிரப்பிகளை அனுமதித்துள்ளது. பிட்டத்தையும் இடுப்பையும் பெரிதாக்கச் சிலிக்கோன் ஊசி போடுவதற்கு எதிராக 2017இலும், காற்றழுத்தத்தால் ஜெல்லைத் தோலுக்குள் பீய்ச்சும் ‘ஹயலூரான் பேனா’வுக்கு எதிராக 2021இலும் அது எச்சரித்தது. இந்தப் பேனாக்களை இணையத்தில் வாங்கிச் சொந்த உதட்டில் தாங்களே பயன்படுத்தியவர்கள் இருந்தார்கள்.

இந்தியத் தோல் மருத்துவர் சங்கம் நிரப்பிகளுக்கான வழிகாட்டு நெறிகளை 2008இலேயே வெளியிட்டது. அழகுச் சிகிச்சைகளுக்கு யூடியூப் காணொளியும் குறுகிய பட்டறையும் பயிற்சியாகாது என்று 2022இல் தேசிய மருத்துவ ஆணையம் வெளிப்படையாகச் சொல்ல வேண்டியிருந்தது. அப்படிச் சொல்ல நேர்ந்ததே நிலைமையைக் காட்டிவிடுகிறது. பொருளின் தரத்தைச் சோதிக்க விதிகள் இருக்கின்றன. ஊசியைப் பிடிக்கும் கையைச் சோதிக்கும் விதிகள் பின்தங்கியே வருகின்றன. நல்ல ஜெல்லும் தவறான கையில் கண்ணைப் பறிக்கும் என்பதால் இந்த வரிசை தலைகீழாக இருந்திருக்க வேண்டும்.

நோயில்லாதவருக்குச் சிகிச்சை

நிரப்பியின் அறச்சிக்கல் வழக்கமான மருத்துவத்திலிருந்து வேறுபடுகிறது. நோயாளிக்கு மருந்து தரும்போது, நோயின் தீமையைவிட மருந்தின் தீமை குறைவு என்று வாதிடலாம். இங்கே வருபவர் நலமாக இருப்பவர். எனவே ஒப்புதல் பெறுவது மேலும் கடுமையாக இருந்தாக வேண்டும். ‘லேசா வீங்கும், அவ்வளவுதான்’ என்று சொல்லிக் கையெழுத்து வாங்குவது ஒப்புதல் ஆகாது. பார்வை இழப்பு என்ற சொல் அந்தப் பேச்சில் வந்தாக வேண்டும். பிரிட்டனின் பொது மருத்துவ மன்றம் 2016இல் வெளியிட்ட நெறிகள், சிகிச்சை செய்யும் மருத்துவரே ஒப்புதல் பெற வேண்டும், யோசிக்க அவகாசம் தர வேண்டும், அழகுச் சிகிச்சையைப் போட்டிப் பரிசாகத் தரக்கூடாது என்கின்றன. பண்டிகைத் தள்ளுபடியும் ‘இன்று மட்டும்’ விலையும் இந்த அவகாசத்தைத்தான் பறிக்கின்றன.

இல்லாத குறையை இருப்பதாகக் கண்டு வதைபடும் உடல்தோற்றப் பிறழ்வு நோய், பொதுமக்களில் நூற்றுக்கு இரண்டு பேர் அளவில் உண்டு. அழகுச் சிகிச்சைக்கு வருவோரிடம் இன்னும் கூடுதல். இவர்களுக்கு ஊசி நிம்மதி தருவதில்லை. கண் அடுத்த குறைக்குத் தாவும். இவர்களை அடையாளம் கண்டு ‘வேண்டாம்’ என்று திருப்பி அனுப்புவதும் மனநல மருத்துவரிடம் சேர்ப்பதும் சிகிச்சையாளரின் கடமை. ஊசிக்கு இவ்வளவு என்று வருமானம் பெறுபவரிடம் இந்தக் கடமையை எதிர்பார்ப்பதில் உள்ள முரண்பாடு சிறியதன்று.

ஆனால் இதை வெறும் ஆடம்பரம் என்று ஒதுக்குவதும் நியாயமில்லை. எச்.ஐ.வி. மருந்துகளால் கன்னக் கொழுப்பு கரைந்து, முகமே நோயைக் காட்டிக்கொடுத்தவர்களுக்காகவே பாலி-எல்-லாக்டிக் அமில நிரப்பி 2004இல் அமெரிக்காவில் அனுமதிக்கப்பட்டது. பலருக்கு அது வெளியே நடமாடும் துணிச்சலைத் திருப்பித் தந்தது. இன்னொரு பக்கம், முறையான மருத்துவம் எட்டாத பல திருநங்கைகள் உலகின் பல நகரங்களில் தொழிற்சாலைச் சிலிக்கோனை வீட்டறைகளில் ஏற்றிக்கொண்டு, அது நுரையீரலை அடைத்து இறந்திருக்கிறார்கள். அவர்களுக்குத் தடை மட்டும் பாதுகாப்பாகாது. எட்டும் விலையில் முறையான சிகிச்சை வேண்டும்.

நிரப்பி போட்டுக்கொள்ள முடிவுசெய்தவர் கேட்க வேண்டியவை: ஊசி போடுபவர் பதிவுபெற்ற மருத்துவரா, நிரப்பியின் பெயரும் தொகுதி எண்ணும் எழுத்தில் கிடைக்குமா, ஹயலூரோனிடேஸ் அந்த அறையிலேயே இருக்கிறதா? கடைசிக் கேள்விக்கு ‘இல்லை’ என்றால் எழுந்து வந்துவிடலாம். ஊசிக்குப் பின் பார்வை மங்கினால் அழகு நிலையத்துக்குப் போன் செய்து காத்திருக்காமல், உடனே கண் சிகிச்சை வசதியுள்ள மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குச் செல்ல வேண்டும்.