கோல் கடந்து வந்த வழி

தொலைக்காட்சியில் தடைதாண்டும் போட்டிகள் இன்று உலகெங்கும் பெருகிவிட்டன. சப்பான் நாட்டில் 1997ஆம் ஆண்டு தொடங்கிய 'சாசுகே' என்னும் நிகழ்ச்சி இவற்றுக்கு முன்னோடி. 2009ஆம் ஆண்டு முதல் அமெரிக்காவிலும் அதன் வழிவந்த போட்டி நடைபெறலாயிற்று. இவ்வகைப் போட்டிகளுள் சிலவற்றில், போட்டியாளர் நீண்ட கோலொன்றைப் பற்றி, அதனை ஊன்றி, நீர்த்தொட்டியைத் தாவிக் கடக்க வேண்டிய தடையும் உண்டு. காண்போர் அதனைப் புதுமை என்று வியப்பர். உண்மையில் அது புதுமையன்று. கோலூன்றித் தாண்டுதல் பிறந்த காலத்து முதல் வடிவமே அது.

காப்பார் வட்டாரத்தை அறிந்தவர்க்கு இதனை விளக்குவது எளிது. சிலாங்கூரின் கரையோரத் தாழ்நிலம் அது. நீரை வடியவிடக் கால்வாய்கள் வெட்டிய பின்னரே அத்தகைய மண்ணில் தோட்டங்கள் தழைத்தன. கால்வாய் வந்தால் அதனைக் கடக்கும் வழியும் வேண்டும். நம்மவர் தென்னை மரத்தைக் குறுக்கே கிடத்திப் பாலமாக்கினர். நெதர்லாந்தின் பிரீசுலாந்துப் பகுதியினரும் இங்கிலாந்தின் கிழக்குச் சதுப்புநிலத்தினரும் கோலைக் கையில் எடுத்தனர். வாய்க்காலின் நடுவே அதனை ஊன்றித் தாவி அக்கரை சேர்ந்தனர். அவர்கட்கு உயரம் ஒரு பொருட்டன்று, அகலமே பொருட்டு. பிரீசுலாந்தில் அக்கலை இன்றும் விளையாட்டாக வாழ்கின்றது. 2017ஆம் ஆண்டு நெதர்லாந்து வீரர் ஒருவர் 22.21 மீட்டர் தொலைவைக் கடந்து அருஞ்செயல் புரிந்தார்.

அகலத்தைக் கடக்க உதவிய கோல், உயரத்தை அளக்கும் கோலாக மாறியது எவ்வாறு? இம்மாற்றத்தில் பள்ளிக்கூடத்திற்குப் பெரும் பங்குண்டு. செருமனியின் சினெப்பன்தால் பள்ளியில் ஆசிரியராக இருந்த கட்சுமுத்சு என்பவர், 1793ஆம் ஆண்டு இளைஞர் உடற்பயிற்சி பற்றி ஒரு நூல் வெளியிட்டார். அதில் கோலூன்றித் தாண்டுதலை முறையான பயிற்சியாக வகுத்தார். உழவரின் கைக்கருவி மாணவரின் பயிற்சிக் கருவியாயிற்று. வாய்க்கால் இல்லாத திடலிலும், இரு கம்பங்களுக்கிடையே குறுக்குக் கோலை வைத்து உயர்த்திக்கொண்டே போகலாம் அன்றோ?

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் அல்வர்சுடன் நகரத்து வீரர்கள் ஒரு நுட்பம் கண்டனர். கோல் நிமிர்ந்து நிற்கும் அந்த நொடியில், கைமேல் கை வைத்து அதன்மீது ஏறி, பின்னர் தாண்டினர். தாண்டுதல் ஏறுதலாகிவிட்டது என்று எதிர்ப்பு எழுந்தது. அந்நூற்றாண்டின் இறுதியில் அம்முறை விலக்கப்பட்டது. 1896ஆம் ஆண்டு ஏதென்சு நகரில் நடந்த முதல் ஒலிம்பிக்கில் அமெரிக்கரான ஆயிட்டு 3.30 மீட்டர் தாண்டி வென்றார்.

அதன்பின் வந்த வரலாறு பெரிதும் கோலின் வரலாறே. கனத்த மரக்கோல் போய் மூங்கில் வந்தது. மூங்கிலுக்குத் தமிழில் 'கழை' என்றும் பெயர். கழைமேல் ஆடிய கூத்தைக் கழைக்கூத்து என்றனர் நம் முன்னோர். அம்மூங்கிலே உலக அரங்கில் ஏறக்குறைய அரை நூற்றாண்டு ஆட்சி செய்தது. 1936ஆம் ஆண்டு பெர்லின் ஒலிம்பிக்கில் சப்பானியரான நிசிதாவும் ஓயேவும் 4.25 மீட்டர் தாண்டி முறையே வெள்ளியும் வெண்கலமும் பெற்றனர். நாடு திரும்பிய பின் இருவரும் பதக்கங்களை இரண்டாக வெட்டி, மாற்றி ஒட்டிக்கொண்டனர். நட்புக்கு அதனினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை. 1940ஆம் ஆண்டு அமெரிக்கரான வார்மர்டாம், மூங்கிற்கோலால் 15 அடி, அதாவது 4.57 மீட்டர் உயரத்தை முதன்முதலாகத் தாண்டினார். அவர் நெதர்லாந்திலிருந்து குடியேறிய உழவர் குடும்பத்தின் மைந்தர் என்பது எண்ணி மகிழத்தக்கது.

1960களில் கண்ணாடியிழைக் கோல் பரவியது. வளைந்து நிமிரும் அக்கோல், ஓட்டத்தின் ஆற்றலைச் சேமித்துத் திருப்பித் தருகின்றது. வினாடிக்கு 9.5 மீட்டர் விரைவில் ஓடி வருபவரின் ஆற்றல் முழுவதும் உயரமாக மாறினால், ஏறத்தாழ 4.6 மீட்டர் எழும்பலாம். உடலின் எடைமையம் முன்னரே நிலத்திலிருந்து ஒரு மீட்டர் அளவு உயரத்தில் இருத்தலால், 5.6 மீட்டர் கிட்டும். எஞ்சியது தோளும் கையும் தரும் உந்துதல். 1985ஆம் ஆண்டு பூப்கா 6 மீட்டர் தாண்டினார். 2024ஆம் ஆண்டு பாரிசு ஒலிம்பிக்கில் சுவீடனின் துப்ளாந்திசு 6.25 மீட்டர் தாண்டினார்.

இவ்வுயரம் வெள்ளையர்க்கே உரியது என்று எண்ணுதல் வேண்டா. நம் அண்டை நாடான பிலிப்பீன்சின் ஒபியேனா, 2023ஆம் ஆண்டு 6 மீட்டர் தாண்டிய முதல் ஆசியரானார். தமிழகத்தைச் சேர்ந்த சுரேகா 2014ஆம் ஆண்டு 4.15 மீட்டர் தாண்டி இந்திய மகளிர் சாதனையை நிறுவினார். 2022ஆம் ஆண்டு அதனை முறியடித்தவர் தமிழகத்தின் ரோசி மீனா. அதே ஆண்டில் தமிழகத்தின் சிவா 5.31 மீட்டர் தாண்டி ஆடவர் சாதனையை உயர்த்தினார்.

இனித் தொலைக்காட்சித் தடைக்கு மீள்வோம். அங்கே குறுக்குக் கோல் இல்லை, நீர் இருக்கின்றது. எவ்வளவு உயர்ந்தார் என்று எவரும் அளப்பதில்லை; அக்கரை சேர்ந்தாரா என்பதே வினா. கோலின்மீது கைமேல் கை வைத்து ஏறுதல் தடகளத்தில் பிழை. பிரீசுலாந்து வாய்க்காலிலோ அதுவே தலையாய திறன். ஒரே செயல் ஓரிடத்தில் குற்றமாகவும் மற்றோரிடத்தில் கலையாகவும் விளங்குகின்றது. காரணம் நோக்கமே. நோக்கம் மாறின் விதி மாறும். விதியை மட்டும் கற்பித்து, அது பிறந்த காரணத்தைக் கற்பியாது விடுவது அரைக்கல்வியே ஆகும்.

தடையோட்டம் 2019ஆம் ஆண்டு தென்கிழக்காசியப் போட்டியில் இடம்பெற்றது; 2028ஆம் ஆண்டு ஒலிம்பிக்கின் ஐந்திறப் போட்டியில் குதிரையேற்றத்திற்கு மாற்றாகவும் ஏற்கப்பட்டுள்ளது. திரையில் பொழுதுபோக்காகத் தோன்றியது விளையாட்டுக் கல்வியின் வாயிலுக்கு வந்துவிட்டது. காப்பார்ப் பக்கத்துத் தோட்டங்களில் நெடுங்கோலின் முனையில் அரிவாளைப் பொருத்திச் செம்பனைக் குலை அறுத்த கைகளின் வழிவந்த பிள்ளைகள் இன்று தமிழ்ப்பள்ளிகளில் பயில்கின்றனர். கோலின் நீளமும் கனமும் அவர்தம் குடும்பங்கள் அறியாதனவல்ல. உழவனின் கோலை மாணவனிடம் சேர்த்த பெருமை ஓர் ஆசிரியர்க்கு உண்டு. அக்கடமை இங்குள்ள ஆசிரியர்க்கும் உரியதே.