நாய்களுக்கு இதயக் கட்டி: எக்கோ பரிசோதனை ஏன் அவசியம்?

ஸ்ரீ சிட்டி: காலையில் ஓடியாடிய வளர்ப்பு நாய், மாலையில் திடீரெனச் சரிந்து விழுந்து, ஈறுகள் வெளிறி, சிறிது நேரத்தில் எழுந்து வழக்கம்போல் நடமாடுகிறது. இதை வெயிலின் களைப்பு என்று கருதுவோர் பலர். ஆனால், இதயக் கட்டியிலிருந்து கசிந்த ரத்தம் இதயத்தைச் சூழ்ந்த உறைக்குள் தேங்கியதன் முதல் அறிகுறியாகவும் அது இருக்கலாம்.

இந்நோய் அரிதானது. அமெரிக்கக் கால்நடைக் கல்லூரி மருத்துவமனைகளின் 1982 முதல் 1995 வரையிலான பதிவுகளில், 7 லட்சத்துக்கும் மேற்பட்ட நாய்களில் 0.19 சதவீதத்துக்கே இதயக் கட்டி இருந்தது. அவற்றில் அதிகம் காணப்படுவது ரத்த நாளங்களில் உருவாகும் 'ஹெமாஞ்சியோசார்கோமா' என்ற புற்றுநோய். பெரும்பாலும் வலது மேலறையில் தோன்றும் இது, ஜெர்மன் ஷெப்பர்ட், கோல்டன் ரெட்ரீவர் இன நாய்களை அதிகம் தாக்குகிறது. பாக்சர் போன்ற குறுமூக்கு இனங்களில், இதயத்தின் அடிப்பகுதியில் 'கீமோடெக்டோமா' என்ற கட்டி மெதுவாக வளர்கிறது.

உறைக்குள் நீர் கோத்தால் ஸ்டெதஸ்கோப்பில் இதய ஒலி மங்கிக் கேட்கும். எக்ஸ்ரேயில் இதயம் பந்துபோல் தெரியும். இவை நீரைத்தான் காட்டும், கட்டியை அல்ல. கட்டியைக் காண எக்கோ பரிசோதனை தேவை. நாயின் நிலை இடங்கொடுத்தால், நீரை ஊசியால் அகற்றும் முன்பே எக்கோ எடுப்பது நல்லது. சூழ்ந்துள்ள நீரின் பின்னணியில் கட்டி தெளிவாகத் தெரியும். உயிருக்கு ஆபத்து என்றால் நீரை அகற்றுவதே முதல் வேலை.

அகற்றிய நீரில் புற்றணுக்கள் இல்லை என்ற ஆய்வக அறிக்கையை மட்டும் நம்பி நிம்மதி அடைய இயலாது. ஹெமாஞ்சியோசார்கோமாவின் அணுக்கள் அந்நீரில் அரிதாகவே அகப்படும். சிறிய கட்டிகள் முதல் எக்கோவில் தப்பிவிடுவதும் உண்டு. மண்ணீரலிலும் இக்கட்டி இருக்கக்கூடும் என்பதால் வயிற்று ஸ்கேனும் எடுக்கப்படுகிறது.

காரணம் தெரியாமல் நீர் கோக்கும் நாய்கள் சில, ஓரிரு முறை நீரை அகற்றியதுமே குணமடைகின்றன. ஹெமாஞ்சியோசார்கோமா என்றால் சிகிச்சை அளித்தும் பெரும்பாலும் சில மாதங்களே. கீமோடெக்டோமா பாதித்த 24 நாய்களைப் பற்றி 2002-இல் வெளியான ஆய்வில், இதய உறை அகற்றப்பட்டவற்றின் இடைநிலை வாழ்நாள் 730 நாட்கள். அகற்றப்படாதவற்றுக்கு 42 நாட்கள்.

ஸ்ரீ சிட்டி பகுதியினருக்கு ஒருபுறம் திருப்பதி ஸ்ரீ வெங்கடேஸ்வரா கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகமும், மறுபுறம் சென்னை வேப்பேரியில் 1903-இல் தொடங்கப்பட்ட சென்னை கால்நடை மருத்துவக் கல்லூரியும் உள்ளன. எக்கோ வசதியையும் நேரத்தையும் தொலைபேசியில் உறுதிசெய்துகொண்டு, எக்ஸ்ரே படங்களுடன் புறப்படலாம். நாய் மயங்கிய நிலையில் இருந்தால், முதலில் அருகிலுள்ள கால்நடை மருத்துவரிடமே கொண்டுசெல்ல வேண்டும்.